வெள்ளிக்கிழமைகளில் மீன் சுடாதவள்

என் மச்சாள் ஜெகதீஸ்வரி வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடமாட்டாள். இதில் என்ன புதினம், மொன்றியலில் எங்கள் சனம் பாதிக்குமேல் அப்படித்தானே என்பீர்கள். புதினம் என்னவென்றால், அவள் வெள்ளிக்கிழமைகளில் மீன் சுடவும் மாட்டாள். சுடுவது என்றால் அடுப்பில் வைத்து அல்ல, துவக்கால்.

கோட் டே நேஜ் பகுதியில், பிலிப்பைன்சுக்குச் சாமான் பெட்டி அனுப்பும் கடை ஒன்றின் பின்பக்கம் ஒரு மண்டபம் இருக்கிறது. அதற்குள் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசை அளவில் ஒரு மெஷின். மேசை முழுக்கத் திரை, திரை முழுக்கக் கடல். சுற்றிவர எட்டுப் பேர் இருந்து, ஆளுக்கொரு பொத்தானை அமத்தி, ஓடுகிற மீன்களைச் சுடுவார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் காசு. மீன் செத்தால் புள்ளி, புள்ளிக்குத் திரும்பக் காசு. குண்டு பட்ட மீன் செத்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை. எது எப்போது சாகும் என்பது மெஷினுக்குத்தான் வெளிச்சம். இதையெல்லாம் எனக்கு விளங்கப்படுத்தியவள் மச்சாள்தான், ரசத்துக்குப் புளி கரைப்பதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக.

அவள் புருசன், என் அண்ணை, திடீரென்று மாரடைப்பில் போனபிறகு, கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் அவள் தனியே இருக்கிறாள். ஒரே மகள் தனுஷாவுக்குப் பக்கத்து நகரமான லவாலில் மருந்துக்கடை வேலை, வீடும் அங்கேதான். மச்சாளுக்கு முதியோர் இல்லம் ஒன்றில் சமையலறை வேலை. அங்கே கூட வேலை செய்யும் மேரிசெல் என்ற பிலிப்பைன்ஸ்காரிதான் ஒருநாள் வேலை முடிய அவளை அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். மேரிசெல்லில் குற்றம் சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவள் நல்லவள். மச்சாளுக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள் அவள், கோயிலில் எங்களோடு முன்வரிசையில் நிற்கும் ஒருத்தியும் அல்ல.

ஒருநாள் கோபத்தில் நானும் போய்ப் பார்த்தேன். மேசையைச் சுற்றி நேர்ஸ்மார், வீடு துடைப்பவர்கள், வயதானவர்களைப் பார்க்கிறவர்கள். ஒருத்தி நூடில்ஸ் தட்டை நீட்டுகிறாள், ஒருவன் பெரிய மீனைத் தவறவிட்டுத் தலையில் அடித்துச் சிரிக்கிறான். எல்லோரும் மச்சாளை 'ஆத்தே, ஆத்தே' என்று கூப்பிட்டார்கள். அவர்களின் மொழியில் அக்கா என்று அர்த்தமாம். அவள் முகத்தைப் பார்த்தேன். அண்ணை இருந்த காலத்தில்கூட அந்த முகத்தை நான் அவ்வளவு வெளிச்சமாகக் கண்டதில்லை.

எங்கள் ஆட்களிடம் அவளுக்கு என்ன கிடைத்தது? பிள்ளைகள் பெரியபிள்ளையானால் சாமத்திய வீட்டுக்கு அழைப்பு வரும். புருசன் இல்லாதவள் என்று ஆலாத்தித் தட்டு எடுக்கக் கூப்பிடமாட்டார்கள். படம் எடுக்கும்போது கொஞ்சம் அங்கால நில்லுங்கோ என்பார்கள். அந்த மேசையில் புருசன் இருக்கிறானா செத்தானா என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஆத்தே, அந்த ஆமையை அடி" என்றார்கள். அவ்வளவுதான்.

அவள் விளையாட்டை ஒழுங்காகவும் படித்திருந்தாள். சின்ன மீனுக்குச் சின்னக் குண்டு. அதில் வருகிற புள்ளியில் கையைக் கடிக்காமல் நேரத்தை ஓட்டவேண்டும். தங்க டிராகன் வரும்போது அவசரப்படக்கூடாது. மற்றவர்கள் சுட்டுச் சுட்டு அதைக் களைக்கவிட்டு, கடைசியில் பெரிய குண்டைப் போடவேண்டும். யாருடைய அடியில் சாகிறதோ அவருக்கே புள்ளி. அடித்தவர் பிறகு எல்லோருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். "மெஷின் களைக்குமோ மச்சாள், அதுக்கென்ன மூச்சே வாங்குது?" என்று கேட்டேன். "உங்களுக்கு விளங்காது" என்றாள். அவளுடைய சம்பளம் போய்க்கொண்டிருந்தது எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஆனால் எங்களை வாட்டியது காசு அல்ல. தனுஷாவுக்குத் தாய் இல்லாமல் போனதுதான். தனுஷா எடுத்தால் ஃபோன் அடித்து அடித்து நிற்கும். ஞாயிறு வாறன் என்று மகள் சொன்னால், எனக்கு அலுவல் இருக்கு என்பாள் மச்சாள். வெள்ளிக்கிழமை மட்டும் ஆள் மாறிவிடும். வேலையால் வந்து தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, அப்பளம் பொரித்து, மகளுக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். தனுஷா லவாலில் மெற்றோ ஏறி வந்துவிடுவாள். தாயின் மடியில் தலை வைத்து அவள் ஃபோனில் எதையாவது பார்ப்பாள், தாய் பேன் பார்ப்பதுபோல அவள் தலையைக் கோதுவாள். முப்பது வயதுப் பெட்டைக்கு வாரத்தில் அந்த ஒருநாள்தான் அம்மா இருந்தாள்.

வெள்ளியில் ஏன் மண்டபத்துக்குப் போவதில்லை என்று நான்தான் ஒருமுறை வாயைக் கிண்டினேன்.

"மச்சம் எல்லோ" என்றாள்.

"எது?"

"மீனைக் கொல்லுறதும் திண்டமாதிரித்தானே. வெள்ளிக்கிழமையில அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

மேரிசெல்லுக்கு இதுதான் பெரிய பகிடி. தவக்காலத்து வெள்ளிகளில் அவர்கள் இறைச்சியை விட்டு மீன் சாப்பிடுவார்களாம். உங்கள் கடவுளும் எங்கள் கடவுளும் ஒருநாள் இருந்து கதைத்து முடிவெடுத்தால் நல்லது என்று சொல்லிச் சிரித்தாளாம். நான் சிரிக்கவில்லை. எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் விரதம், ஆறு நாளும் மண்டபம் இல்லை. மச்சாள் கோயிலுக்கும் வேலைக்கும் வீட்டுக்குமாக இருந்தாள். தனுஷா லீவு போட்டுவிட்டுத் தாயோடு வந்து நின்றாள். மேல்மாடியில் இரண்டு பேரும் கதைக்கும் சத்தம் கேட்டு எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. விரதம் முடிக்கும் பாறணைக்கு முதல்நாள் தனுஷாவைப் பிடித்துச் சொன்னேன்: "கொம்மாவை முழுச் சைவமாக்கி விடு. இனி மச்சமே வேண்டாமெண்டு முருகனுக்கு நேர்ந்துவிட்டா எண்டால், எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்."

பாறணைச் சாப்பாடு என் வீட்டில்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் தனுஷா தொடங்கினாள்.

"அம்மா, இனி மச்சத்தை ஒரேயடியா விட்டுடுங்கோவன். எனக்காக."

மச்சாள் மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்கு உடனே பிடிபட்டுவிட்டது.

"மச்சம் சாப்பிடுறதை விடுறன் பிள்ளை. அதொண்டும் பெரிய காரியமில்லை. அங்க போறதை விடச் சொல்லாதை. நான் வேற எங்க போறது?"

"என்னட்டை வாங்கோ."

"உன்னட்டை வந்தா நீ வேலைக்குப் போயிடுவாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ?"

தனுஷா பொறுமைசாலி. ஆனால் ஆறு நாள் ஆசையை அரை நிமிடத்தில் பிடுங்கினால் எந்தப் பிள்ளைக்கும் வாய் தடுமாறும்.

"அது மீனே இல்லை அம்மா. வெறும் லைட். நீங்க ஒண்டையும் கொல்லேல்லை, அங்க ஒண்டும் சாகவுமில்லை. கண்ணாடிக்குக் கீழ ஒரு படம் ஓடுது, அதுக்குச் சம்பளத்தைக் கொட்டிப்போட்டு வாறீங்கள்."

தனுஷாவின் காலை மேசைக்கடியில் மிதித்தேன். காலம் பிந்திவிட்டது. மச்சாள் குடிக்க எடுத்த தண்ணீர்க் கோப்பையைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

"அப்ப அது மச்சமில்லை எண்டுறாய்" என்றாள், மெதுவாக.

மீன்தான் என்று அடித்துச் சொல்ல எனக்கு அந்த நேரம் மூளை வேலை செய்யவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி மச்சாள் எழும்பிக் கோப்பையைக் கழுவி வைத்தாள்.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள், அதையும் சொல்லவேண்டும். அன்றிலிருந்து மீன் இல்லை, முட்டைகூட இல்லை. குளிர்ப்பெட்டியில் கிடந்த இறாலையும் கருவாட்டையும் கொண்டுவந்து என்னிடம் தந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை தனுஷா வந்து கதவைத் திறந்தபோது விளக்கு எரிந்தது. அடுப்பில் சோறும் பருப்பும் பால்கறியும் மூடியபடி சூடாக இருந்தன. ஆள் இல்லை, மண்டபத்துக்குப் போய்விட்டாள். பெட்டை கீழே இறங்கி வந்து என் குசினிக் கதிரையில் கோட்டும் கழற்றாமல் இருந்தாள். "வெள்ளிக்கிழமையையும் நான்தான் மாமி திறந்துவிட்டது" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த வெள்ளி மேல்மாடியில் காலடிச் சத்தமே இல்லை.

ஃபோன் எடுத்தேன். இரைச்சலுக்குள் தனுஷாவின் குரல் வந்தது.

"எங்க பிள்ளை நிக்கிறாய்?"

"அம்மாவோட, மாமி."

பின்னால் மணிச்சத்தம், சிரிப்பு, ஆத்தே ஆத்தே என்ற கூப்பாடு. எல்லாவற்றுக்கும் மேலால் மச்சாளின் குரல் கேட்டது: "நிப்பாட்டாதை பிள்ளை, இன்னும் கொஞ்சம், அது போகப்போகுது."

"நீயும் சுடுறியோ?" என்று கேட்டேன்.

"சும்மா பக்கத்தில இருந்தா அம்மா என்னோட கதைக்கிறா இல்லை, மாமி. சுட்டால் கதைக்கிறா."