அப்பாவின் சத்தம் வராத டிவிடி

உள்ளூர் கேபிள் டிவியில் அப்பா தக்காளி விவசாயம் பற்றிப் பேசியதை, டிவியில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்திருந்தோம். அவர் இறந்த பிறகு, நாட்றாம்பாளையத்தில் போன் சிக்னலே கிடைக்காத அத்தைக்காக அதை டிவிடியில் போட நினைத்தேன். ஃபைல் பெரிதாக இருந்ததால், ஓசூரில் என் கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கேயே சுருக்கிவிட்டு, அதிலிருந்த பழையதை அழித்தேன். ஓடவிட்டால் அப்பாவின் உதடு அசைகிறது, சத்தமே இல்லை! நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. தம்பிக்கு போன் செய்தேன்.

"பதிவு பண்ண பென் டிரைவ் எங்கடா?"

"பாட்டு ஏத்த எடுத்தேன்க்கா. அப்பா வீடியோவ அழிச்சனான்னு தெரியல. இரு, டிவில போட்டுப் பாக்கறேன்."

வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். திடீரென்று போனில் அப்பா தக்காளி விலையைத் திட்ட ஆரம்பித்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதெல்லாம் சுருக்கிய ஃபைலைச் சத்தத்தோடு கடைசிவரை பார்க்கிறேன். அப்போதும் பழையதை அழிப்பதில்லை.

— ஒரு வாசகி, ஓசூர்