பச்சைப் புள்ளி போட்ட டப்பா

நான் போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸானதும் எங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. எனக்கு ஓட்டமும் குண்டு எறிதலும் சொல்லித் தந்த மாஸ்டர் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "சதையே இல்லையேம்மா, இதை வச்சு எங்க எறியப் போற? தினம் முட்டை சாப்பிடு, கோழி சாப்பிடு" என்றார். அதே வாரம் அம்மா, எனக்கு வேலை கிடைக்க வேண்டுமென்று எங்கள் தெரு அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, கையில் காப்பு கட்டிவிட்டாள். மற்றவர்கள் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் கட்டுவார்கள். அம்மாவுக்கு அது போதாது. ஒரு மண்டலம் முன்பே கட்டிக்கொண்டாள்.

காப்பு கட்டிய வீட்டில் கவுச்சி கூடாது, முட்டையும் ஆகாது. நான் தேர்வாக வேண்டும் என்று கட்டிய காப்பு, தேர்வாவதற்கு நான் தின்ன வேண்டியதைத் தடுத்தது. இதை யாரிடம் போய் நியாயம் கேட்பது?

வெளியே தின்றுவிட்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று கூட ஓடிய பெண்கள் கேட்டார்கள். காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடி முடித்ததும் அவர்கள் அவித்த முட்டை விற்கும் வண்டிக்குப் போவார்கள். நானும் கூடப் போய் நிற்பேன், மிளகுத் தூள் வாசம் பிடித்துவிட்டுத் திரும்பி வருவேன். எனக்குச் சாமி நம்பிக்கை பாதிதான். ஆனால் அம்மா வெறும் கையில் நெருப்பை ஏந்தப் போகிறாள். அன்றைக்கு அவளுக்கு ஏதாவது சுட்டுவிட்டால், அது நான் தின்ற முட்டையால்தான் என்று என் ஆயுசு முழுக்கத் தோன்றிக்கொண்டே இருக்கும். பாதி நம்பிக்கை இருக்கிறவர்கள் பாடுதான் ரொம்ப மோசம்.

எனக்கு அது கடைசி வாய்ப்பு. அடுத்த அறிவிப்பு வரும்போது வயது வரம்பைத் தாண்டியிருப்பேன். இதை அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அம்மாவிடம் சொன்னால் தீச்சட்டியோடு நிற்காது, அலகு குத்திக்கொள்வேன் என்று கிளம்பிவிடுவாள்.

அப்பா கப்பலூரில் பிளாஸ்டிக் குடமும் டப்பாவும் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தார். கூட வேலை பார்த்தவர் சொன்னாராம், முட்டை தின்ன முடியாதவர்களுக்குப் புரோட்டீன் பவுடர் இருக்கிறது, கோச்சடையில் ஒரு ஜிம்முக்குக் கீழே கடை இருக்கிறது என்று. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியூரிலிருந்து ஊரைக் குறுக்கே கடந்து என்னை வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்.

கடை முழுக்கக் கறுப்பு டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக்காரன் கையை மடக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். பெண் படம் போட்ட டப்பா ஒன்றே ஒன்று, அதுவும் முடி வளர்வதற்கு.

கடைக்காரர் என்னைவிடச் சின்ன வயசு. மரியாதையாகத்தான் கேட்டார். "என்ன கோலுண்ணே? வெயிட் ஏத்தணுமா, மசில் ஏத்தணுமா, இல்ல ஸ்டாமினாவா?"

"போலீஸ் ஆகணும் தம்பி" என்றார் அப்பா.

அதற்குத் தனி டப்பா இல்லை. நான் குறுக்கே புகுந்து, குண்டு எறியக் கையில் பலம் வேண்டும், ஆனால் ஓட்டமும் இருப்பதால் உடம்பு கனக்கக் கூடாது, பால் எனக்கு ஆகாது, குடித்தால் வயிறு பொருமும் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். முட்டையின் வெள்ளைக்கருவில் செய்தது, பால் கலப்பே இல்லையாம். முட்டை என்பது ஒன்றைத் தவிர, எனக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா போனில் வந்தாள்.

"பச்சைப் புள்ளி இருக்கானு பாருங்க. பச்சைப் புள்ளி இல்லாதத வீட்டுக்குள்ள கொண்டாராதீக."

அப்பா டப்பாவைத் திருப்பினார். புள்ளி பழுப்பு நிறத்தில் இருந்தது. டப்பா அலமாரிக்குத் திரும்பிப் போனது.

அடுத்து, பட்டாணியிலிருந்து எடுத்த புரோட்டீன். பச்சைப் புள்ளி, பாலும் இல்லை. இதுதான் வேண்டும் என்று கையில் எடுத்துக்கொண்டேன். போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருந்தது. "பட்டாணியா? அது வாயுவுல்ல? ஓடும்போது பிடிச்சுக்கிருச்சுன்னா?" என்றாள் அம்மா. அப்பாவுக்கு வேறு குறை. அது பையில் அடைத்து வந்திருந்தது. பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் ஒட்டிய இடத்தைத் தடவி, "சீல் சரியில்ல. காத்து உள்ள போயிரும்" என்றார்.

அப்புறம் அப்பா டப்பாக்களைத் தன் தொழில் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். மூடியைத் திருகிப் பார்த்தார், அடியில் தட்டிப் பார்த்தார், கழுத்தில் பிசிறு இருக்கிறதா என்று நகத்தால் சுரண்டினார். கடைசியில் ஒரு பெரிய டப்பாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்.

"பாரு, மோல்டு எம்புட்டு நேக்கா இருக்குன்னு. டப்பாவுக்கே இம்புட்டுச் செய்றவன் உள்ள ஏமாத்த மாட்டான்."

பச்சைப் புள்ளியும் இருந்தது. அது எடை ஏற்றுவதற்கான கெயினர். பால் பவுடரும் சர்க்கரையும்தான் பாதிக்கு மேல். கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணே, அக்கா ஓடப் போறாங்கன்னு சொல்றாங்க. இது வெயிட் போடும்ணே. பாலும் இருக்கு."

"ஒடம்பு தேறட்டும் தம்பி, நல்லதுதான். தண்ணியிலதான கலக்கிக் குடிக்கப் போறா, பால் எங்கிட்டிருந்து வரும்?"

நானும் கடைக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்தாம் வகுப்போடு நின்ற எங்கள் அப்பாவுக்கு நான் சயின்ஸ் படித்த பெண் என்பதில் கொள்ளைப் பெருமை. ஆனால் ஒரு டப்பாவைப் பற்றி நான் சொன்னால் எடுபடாது. வண்டியில் எங்களுக்கு நடுவே அந்த டப்பா உட்கார்ந்து வந்தது. எரிச்சலில் வீடு வரும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவ்வளவு பெரிய டப்பாவோடு போக நான் வெட்கப்படுவதாக அப்பா நினைத்துக்கொண்டார்.

காலையில் அப்பாவே கலக்கிக் கொடுப்பார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் குலுக்கிக் குலுக்கி, கட்டியில்லாமல் செய்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பார். சாக்லேட் வாசனையில் பாயாசத்துக்குப் பாயாசமாக இருக்கும். வயிறு உப்பும். ஓடும்போது உள்ளே தண்ணீர்ப் பானை ஒன்று அலம்பும். ஒரு நாள் முடியவே முடியாது என்று மறுத்துவிட்டேன். விரதத்தில் அம்மா சாப்பிட்டதே ஒரு வேளைதான். அன்றைக்கு அந்த ஒரு வேளையையும் சாப்பிடாமல் வெறுந்தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் நான் குடித்தேன். சண்டை போடுகிறவர்களோடு எனக்கு மல்லுக்கு நிற்கத் தெரியும், படுத்துக்கொள்கிறவளை என்ன செய்வது? "முகம் தெளிஞ்சிருக்கு தாயி" என்று அம்மா கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். முகம் தெளியவில்லை, வீங்கியிருந்தது.

மாஸ்டர் கண்டுபிடித்துவிட்டார். "என்னம்மா, கால் பாரமா விழுகுது?" என்றார். சொன்னேன். வீட்டில் பேசட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் பேசினால் அப்பாவுக்கு அவமானமாகிவிடும். மூடியைத் திருகிப் பார்த்து அத்தனை ஆசையாக வாங்கிய மனிதர்.

உடல் தகுதித் தேர்வு திருவிழாவுக்குச் சில நாள் முன்பு வந்தது. அன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் போனேன். பெற்றவர்களை மைதானத்து வாசலுக்கு உள்ளே விடவில்லை. மற்ற அப்பாக்களோடு வெயிலில் நின்ற அப்பாவின் கையில் இன்னொரு பாட்டில் கலக்கித் தயாராக இருந்தது, முடித்துவிட்டு வந்ததும் தருவதற்கு.

முதலில் நானூறு மீட்டர். அதில் தேறினால்தான் குண்டைத் தொடவே விடுவார்கள். பாதி சுற்று வரை நன்றாகத்தான் ஓடினேன். வளைவில் திரும்பும்போது விலாவுக்குக் கீழே பிடித்தது. மூச்சு வாங்க வாங்க வயிறு இறுகியது. முன்னால் போன பெண்ணின் முதுகு எண் நன்றாகத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். கோட்டைத் தொடச் சில எட்டுகள் இருக்கும்போது, நேரம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள். நான் விசிலுக்கு அப்புறமும் ஓடி முடித்தேன். "போதும்மா, தள்ளி நில்லு" என்றார் ஒரு பெண் போலீஸ். நல்ல விதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

பவுடர் இல்லாவிட்டால் தேறியிருப்பேனா? தெரியாது. ஒரு வேளை என் கால் அவ்வளவுதானோ என்னவோ. இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை, அதுதான் அரிக்கிறது.

வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பாட்டிலைத் திறந்து வேப்பமரத்தடியில் ஊற்றினார். "நல்ல டப்பாதானேம்மா பாத்து எடுத்தேன்" என்றார். ஆமாம்ப்பா என்றேன்.

அம்மாவிடம் சொன்னபோது, "சரி, வந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். இனிமேல் சட்டி எடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சினேன். "சாமிகிட்டச் சொல்லியாச்சுல்ல" என்றாள். காப்பை நடுவில் அவிழ்க்க முடியாது.

திருவிழா அன்று மஞ்சள் சேலையில், வேப்பிலை வைத்த சட்டியில் நெருப்போடு அம்மா தெருத் தெருவாக வந்தாள். நான் பக்கத்தில் குடத்தோடு நடந்து, தார் ரோட்டின் சூடு தெரியாமல் அவள் காலடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். ஒரு வாசலில் யாரோ ஒருத்தி, "எதுக்கு வேண்டுதல்க்கா?" என்று கேட்டாள். "மகளுக்கு வேலைக்கு" என்றாள் அம்மா. "ஆயிரும், கவலைப்படாதீக" என்று அந்தப் பெண் எனக்கும் சேர்த்துத் திருநீறு பூசிவிட்டாள்.

கோயிலில் சட்டியை இறக்கிவிட்டு அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்தது. அப்பா விசிறினார். நான் அந்தக் கையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அம்மா கண்ணைத் திறக்காமலே, சாமிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதைப் போல, மெல்லச் சொன்னாள்.

"அடுத்த தடவ நான் காப்புக் கட்டல தாயி. நீ முட்டை தின்னுட்டுப் போ."

அப்பாவின் விசிறி நின்றது. அவர் என்னைப் பார்த்தார்.

"சரிம்மா" என்றேன்.