வீட்டுக்கு ஒரு வேளை

நான் வேலை பார்க்கும் சிமெண்ட் ஆலையின் தேநீர் அறையில் வெள்ளிக்கிழமை காலைதோறும் ஒரு பாவமன்னிப்பு நடக்கும். யாராவது ஒரு பெட்டி டோனட் வாங்கி வந்து மேசையில் வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து, "இன்றைக்கு நான் மோசம்" என்றோ, "இது என் சீட் மீல்", அதாவது கட்டுப்பாட்டை மீறும் ஒரு வேளை, என்றோ அறிவித்துவிட்டுத்தான் எடுத்துக் கடிப்பார்கள். அயர்லாந்துக்கு வந்து பதினோரு வருடம் ஆகியும் இது எனக்குப் பழகவில்லை. அரியலூர்ப் பக்கம் சாப்பிட்டதற்காக யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. சாப்பிடாமல் எழுந்தவன்தான் கேட்க வேண்டும்.

எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவர் வாரத்தில் ஒரு வேளை இஷ்டப்படி சாப்பிட்டால் குறைந்தது திரும்ப ஏறிவிடுமா என்று இங்குள்ள நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் அடிக்கடி விவாதம் நடக்கிறது. ஒருவர் வெந்தயத் தண்ணீர் என்பார், இன்னொருவர் கொள்ளு என்பார், சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்து விழும். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் போனைச் சுவரில் அடிக்கத் தோன்றும். கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். அது தெரிந்த விதத்தைச் சொல்கிறேன். ஆறுதல் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

என் மகள் இனியாவுக்கு இருபது வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. வாரம் மூன்று நாள் மார்பில் பொருத்திய குழாய் வழியாக டயாலிசிஸ். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. தாகம் தாங்காவிட்டால் பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கிக்கொள்வாள். என் மனைவி வசந்திக்குச் சர்க்கரை இருப்பதால் அவளால் சிறுநீரகம் கொடுக்க முடியாது. என்னுடையது பொருந்தியது. ஆனால் நான் தொண்ணூற்றாறு கிலோ. எண்பத்திரண்டுக்கு இறங்கினால்தான் கத்தி வைப்போம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்.

ஏழு மாதத்தில் எண்பத்தைந்துக்கு வந்தேன். சோற்றைக் கிண்ணத்தில் அளந்தேன். மழையில் நடந்தேன். அந்த நேரத்தில் தங்கை கலைச்செல்வி போன் செய்தாள். பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த அவளுடைய பெண்ணுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். நான் ஒரே அண்ணன். தாய்மாமன் மடியில் உட்கார்த்தாமல் காது குத்த முடியாது. இனியாவின் நோயை ஊரில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லியிருக்கவில்லை. பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் என்று வரும்போது இது முன்னால் வந்து நிற்கும் என்று நானும் வசந்தியும் முடிவு செய்திருந்தோம். "போயிட்டு வந்துடுங்க. போகலைன்னா ஏன்னு கேப்பாங்க" என்றாள் வசந்தி. இப்படித்தான், மறைப்பதற்காகவே நான் புறப்பட்டேன்.

கிளம்பும் முன் உணவு ஆலோசகர் மேவிடம் போனேன். எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் இளம்பெண். ஊரில் விருந்து இருக்கிறது, மறுக்க முடியாது என்றேன். "ஒரு வேளையில் ஏழு மாத உழைப்பு வீணாகாது. நன்றாகச் சாப்பிடுங்கள், அடுத்த வேளையே பழைய திட்டத்துக்குத் திரும்பிவிடுங்கள்" என்றார். கறி எத்தனை கிராம் வரை போகலாம் என்று கேட்டேன். நான் சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறவன், எனக்கு ஓர் அளவு வேண்டும். அவர் நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். "அப்படியென்றால் ஒரு வீட்டில் ஒரு வேளை சாப்பிடலாம்" என்றேன். தலையாட்டினார். அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு வீடு. எனக்கு எத்தனை வீடு என்பது எனக்கு அப்போதே தெரியும். நான் சொல்லவில்லை.

கலைச்செல்வியைக் கொடுத்தது எறையூர்ப் பக்கம். கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே கருப்பசாமி கோயில். சர்க்கரை ஆலையின் புளித்த வாடை காற்றோடு வந்துகொண்டிருந்தது. சந்தனம் பூசிய தலையோடு குழந்தை என் மடியில் கதறியது, ஆசாரி குத்தினார், கிடா வெட்டினார்கள். மதியம் பந்தியில் முதல் இலை எனக்கு. தாய்மாமன் கை வைத்தால்தான் அந்த வரிசையில் மற்றவர்கள் கை வைப்பார்கள். இரண்டு பிடி சோறு, நான்கு துண்டு கறியோடு நிறுத்திக்கொள்வது என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

தங்கையின் மாமியார் எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏந் தம்பி, எங்க வூட்டுச் சோறு எறங்கலீங்களா?"

"போதுங்கத்தை. காலையிலயே சாப்பிட்டேன்."

"பதினோரு வருசம் அந்த ஊரு தண்ணியக் குடிச்சா அப்பிடித்தான். வெரலால அளந்து திங்கிறாரு பாருங்கடி."

இலை வரிசை முழுக்கச் சிரித்தது. யாரோ ஒருவர், "சுகரா இருக்கும். வெளிய சொல்ல மாட்டாங்க" என்றார். தங்கையின் கணவர் செல்வராசு கரண்டியோடு குனிந்தார். "மச்சான், நீங்க இலைய மூடுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்க முடியாது. கோழி மாதிரி கொத்திக்கிட்டு இருக்கீங்க. ஒங்க தங்கச்சி பாக்குது பாருங்க."

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பன்னிரண்டு வருடம் இதே மாமியாரிடம் மலடி என்று பேச்சு வாங்கியவள். அவளுடைய பிறந்த வீட்டுக்காக முதல் இலையில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். அந்த நிமிடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அல்லது சர்க்கரை என்றே ஒப்புக்கொண்டிருக்கலாம். அப்பனுக்குச் சர்க்கரை என்றால் அடுத்த கேள்வி பிள்ளைக்கு என்ன என்று வரும் எனப் பயந்தேன். எலும்புக் குழம்பு, குடல், ரத்தப் பொரியல், மறுசோறு, மறுபடி கறி என எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மாமியார், "இப்பத்தான் மாமன் மாதிரி இருக்காரு" என்றார். செல்வராசுவின் தம்பி அதை வீடியோ எடுத்தான்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். மறுநாள் பெரம்பலூரில் பெரியப்பா மகன் வீடு. பிறகு சித்தப்பா வீடு, அரியலூரில் என்னோடு ஆலையில் வேலை பார்த்த நண்பர் வீடு, பூலாம்பாடியில் வசந்தியின் அக்கா வீடு, அப்புறம் இன்னும் நான்கு சொந்தக்காரர் வீடுகள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் மறுத்தால் அது பிரிவினை. எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஒரு வேளைதானே." யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டில் ஒரு வேளைதான்.

திரும்பி வந்த அன்று இனியா நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். குடும்பக் குழுவில் வந்த வீடியோவைப் பார்த்திருக்கிறாள்.

"நல்லா இருந்துச்சாப்பா?"

குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எலும்புக் குழம்பு அவளுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல் என்றேன். "ம்" என்றவள், பனிக்கட்டி ஒன்று எடுத்துத் தரச் சொன்னாள்.

மருத்துவமனைத் தராசில் எண்பத்தொன்பது. இந்த ஊரில் திட்ட மாட்டார்கள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருங்கிணைப்பாளர் மிகவும் மரியாதையாக, பரிசோதனைகளை ஏழு வாரம் தள்ளி வைப்பதாகச் சொன்னார். மேவ் என்னைத் தேற்றப் பார்த்தார். இதில் பாதி உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர், பத்து நாளில் வடிந்துவிடும், ஒரு வேளைச் சாப்பாடு இவ்வளவு ஏற்றாது என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "மொத்தம் எத்தனை வேளை?" என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது. அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. 'ஒரு வேளை' என்று அவ்வளவு எளிதாகச் சொல்ல அவருக்கு யார் உரிமை கொடுத்தது என்று நினைத்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி என்பதால் கோபம் இன்னும் கூடியது.

ஆகவே பதில் இதுதான். ஒரு வேளை ஒன்றும் செய்யாது. அந்த ஒன்று ஒன்றாகவே இருக்க வேண்டும். நம் ஊரில் அதை ஒன்றாக இருக்க விட மாட்டார்கள், நாமும் வாயைத் திறந்து சொல்ல மாட்டோம்.

அந்த ஏழு வாரத்தில், நான்காவது வாரம், இனியாவின் மார்புக் குழாயில் கிருமி தொற்றியது. மதியம் சோபாவில் படுத்திருந்தவளுக்குக் குளிர் வந்து பற்கள் அடித்துக்கொண்டன. மூன்று நாள் தீவிர சிகிச்சை. இந்தத் தொற்று எப்போது வேண்டுமானாலும் வரக்கூடியது, உங்களால் அல்ல என்று மருத்துவர் சொன்னார். அப்படிச் சொல்வது அவர் வேலை. நாள் தள்ளாமல் இருந்திருந்தால் அந்தக் குழாயின் தேவையே சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். இப்போதும் அவள் போர்வையை இழுத்துப் போர்த்தினால் எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.

இரண்டாம் நாள் மருத்துவமனை நடைபாதையில் நின்று கலைச்செல்விக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இத மனசுல வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே வாயில வச்ச?" என்றாள். "எம் புள்ள விசேசத்துக்கு வந்து ஒம் புள்ள உசுர வச்சு வெளாண்டுட்டுப் போயிருக்க. என்னையும் பக்கத்துல நிக்க வச்சுட்ட."

"ஒன் மாமியார் முன்னால உன்ன விட்டுக்குடுக்க முடியலம்மா."

"அத நாங் கேட்டனா? அவ பேச்ச பன்னெண்டு வருசம் கேட்டவ, இன்னொரு நாள் கேட்டுட்டுப் போறேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா இலைய நானே எடுத்துருப்பேன். நாளைக்கு எவன் கட்டுவான்னு பயந்தியாக்கும். அவ மொதல்ல இருக்கணும்ல."

போனை வைத்துவிட்டாள். பத்து நாள் பேசவில்லை.

போன வாரம் நான் எண்பத்தொன்றரை. அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் ஒரு தாளில் இரண்டு சிறுநீரகங்களை வரைந்து, இடது பக்கத்தை வட்டமிட்டு, இதை எடுப்போம் என்றார். மிச்சமிருக்கும் வலது பக்கத்தை ஆயுள் முழுக்க, வருடம் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். அந்தப் பரிசோதனையை எந்த ஊரில் வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்று படிவத்தை நீட்டினார். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவது என்பது நானும் வசந்தியும் பல வருடமாகப் பேசி வருவது. இனியா வர மாட்டாள், அதை அவள் சொல்லிவிட்டாள். அரியலூரில் அப்படி ஒரு பரிசோதனைக்கு வழியிருக்குமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்க நான் வாயெடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இனியா என் விரல்களிலிருந்து பேனாவை வாங்கி, கோடிட்ட இடத்தில் இந்த ஊரின் பெயரை எழுதினாள். பிறகு படிவத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட என்னிடம் கொடுத்தாள். அவள் எழுதியது என் இடது சிறுநீரகம் அவளுக்குள் இருக்கப்போகிற ஊரை. வலதை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப நினைக்கும் என்னிடம் அவள் கேட்கவில்லை. நானும் அரியலூரைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.