மூன்றாவது தேர்வில் எழுதிய பொய்

அவளுக்கு இடது கண் மாறுகண். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்த முதல் வாரமே ‘ஒன்றரைக்கண்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அப்படிக் கூப்பிடாத ஒரே ஆள் ஸ்டோர் கிளார்க். நட்டும் போல்ட்டும் வாங்கப் போனவளிடம் பேச்சுக் கொடுத்தான். அது இரண்டு வருடக் காதலாக வளர்ந்தது.

ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதாக ஒரு நாள் கேன்டீனில் அவனிடம் சொன்னாள். சுற்றிலும் நல்ல கூட்டம்.

“நீ பஸ் ஓட்டப் போறியா? கண்ணு ஒரு பக்கம் பாக்கும், பஸ்ஸு ஒரு பக்கம் போகும். உன்ன நம்பி எவன் ஏறுவான்?” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

கேன்டீனே குலுங்கியது. அவனும் சேர்ந்து சிரித்தான். ஆறே மாதத்தில் வேறொருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான்.

அழுதாள். அழுத கையோடு விண்ணப்பத்தையும் நிரப்பினாள். பார்வையில் குறையில்லை என்று கண் மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பதினோரு வருடம் பேருந்து ஓட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் மனசுக்குள் அவனோடுதான் பேச்சு: ‘பாருடா, திருப்பிட்டேன். பாருடா, ஒருத்தர் மேலயும் உரசல.’ பிறகு ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ஆய்வாளருக்கான தேர்வை எழுதி, ஒருமுறை கோட்டைவிட்டு, மறுமுறை தேறினாள். விடாமுயற்சி என்று ஊர் அவளைப் புகழ்ந்தது. அது வன்மம் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். கல்யாணப் பேச்சை யார் எடுத்தாலும் பேச்சை மாற்றிவிடுவாள்.

இருபத்திரண்டு வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, தேர்வுக்கு வந்தவர்களின் வரிசையில் அவன் நின்றிருந்தான். தலை வழுக்கை, சட்டை தொளதொள. பணிமனை வேலை போய்விட்டது. சரக்கு வேன் ஓட்டும் வேலை கிடைக்க உரிமம் வேண்டும். அவளைக் கண்டதும் முகம் வெளிறியது.

“வணக்கம் மேடம்.”

“வண்டிய எடுங்க.”

ஏற்றத்தில் வண்டி அணைந்துபோனது. தோல்வி. அடுத்த மாதம் ரிவர்ஸில் கம்பத்தை இடித்தான். அதுவும் தோல்வி. இரண்டும் நியாயமானவை. மூன்றாம் முறை ஒரு தப்பும் செய்யவில்லை. அவள் பேனா ஒரு நொடி தயங்கியது. ‘பக்கக் கண்ணாடி பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அவன் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அன்று அவளுக்குச் சாப்பாடு ருசித்தது.

நான்காவது தேர்வன்று அவன் மனைவி முதலில் வந்தாள். கணவனுக்கும் ஆய்வாளருக்கும் இடையே இருந்த பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது.

“மேடம், கண்ணாடி பாக்கலைன்னு எழுதினீங்களாம். வீட்டு நாற்காலியில உக்காந்து கூட இடம் வலம் பாத்துப் பழகுறாரு. கழுத்தே பிடிச்சிக்கிச்சு. இந்த வாட்டி கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க.”

ஆய்வாளர் தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். பொய் எழுதிய கை கூசியது.

அவன் நன்றாகவே ஓட்டினான். நொடிக்கொரு தரம் கண்ணாடியைப் பார்த்தான். வரிசைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டாள்:

“கேன்டீன்ல சொன்னது ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.” ஸ்டியரிங்கை விடவில்லை அவன். “எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்குப் பெருமையா இருந்துச்சு.”

மன்னிப்பு கேட்பான் என்று நினைத்திருந்தாள். இந்த உண்மை சுரீரென்று குத்தியது.

“இறங்குங்க. அங்க நிக்கிறவங்க எல்லாருக்கும் கேக்குற மாதிரி அதையே இப்ப சொல்லுங்க.”

இறங்கினான். வரிசையில் இருபது பேர். அவன் மனைவியும் நின்றாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. “யோவ், மேடத்தப் பாத்து என்னய்யா பேசுற?” என்று ஒரு ஓட்டுநர் பயிற்சியாளர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். மனைவி கணவனைப் பார்த்தாள், ஆய்வாளரைப் பார்த்தாள், எல்லாம் புரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“விடுங்க, நான்தான் சொல்லச் சொன்னேன்,” என்று ஆய்வாளர் பயிற்சியாளரைத் தடுத்தாள். தேர்ச்சி என்று எழுதி அவனிடம் நீட்டினாள். “போன தடவை நான் எழுதினது பொய். அத மேலதிகாரிகிட்ட நானே சொல்லிக்கிறேன். அதுக்காக உங்கள மன்னிச்சிட்டேன்னு நினைச்சிடாதீங்க.”

சொன்னபடியே மதியத்துக்குள் எழுதிக் கொடுத்தாள். அவளுக்கு மூன்று மாதம் தேர்வு நடத்தத் தடை, கோப்பு அடுக்கும் வேலை. பக்கத்து மேசைத் தோழி மெதுவாகக் கேட்டாள்:

“இப்பவாவது மனசு ஆறிச்சாடி?”

“பாதி ஆறிச்சு. மீதிய நினைச்சுக்கிட்டே இனிமே வாழ்க்கை வண்டிய ஓட்ட முடியாது. பசிக்குது, வா.”