சொல்லாமல் விட்ட ஊர்

என் மகளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து நான் யாரையும் நம்பவில்லை. ராஜபாளையத்து டாக்டர், "எனக்குப் பிடிபடல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு ஆராய்ச்சி டாக்டரம்மா வராங்க, அங்க காட்டுங்க" என்றார். முதல் சந்தேகம் அவர் மேல்தான். பிடிபடவில்லையா, புற்றுநோய் என்று சொல்ல வாய் வரவில்லையா?

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் என் கணவர் முகம் சுருங்கியது. தேரடிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருக்கும் வீட்டில்தான் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கி, தேரடி வழியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனோம்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் தாலி இல்லை. அதுவும் எனக்கு உறுத்தியது. கட்டிக்குள் ஊசி விட்டு எடுத்ததைக் கண்ணாடித் துண்டுகளில் தேய்த்தார். பிறகு கேள்விகள்.

"எத்தன வயசுல பெரியவளான? மாசாமாசம் சரியா வருதா? ஏதாச்சும் ஹார்மோன் மாத்திர சாப்பிடுறியா?"

"கல்யாணமாகாத பிள்ளைட்ட என்ன கேள்விம்மா இது?" என்றேன்.

"சில புற்றுநோய்க்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தம் இருக்கும்மா. என் ஆராய்ச்சியில அது பாதி. மீதி, உடம்புக்குள்ள வாழுற புழு. யானைக்கால் புழு மார்புல தங்கினாலும் இதே மாதிரிக் கட்டி வரும். எது எதுன்னு பிரிக்கணும்."

மார்பில் புழுவாம். எங்களைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுகிறார் என்று நினைத்தேன்.

"யானைக்கால் இருக்கற ஊர்ல எங்கயாவது தங்கியிருக்காளா?"

"எங்க பிள்ள ராஜபாளையத்த விட்டு எங்கயும் போனதில்ல. காலேஜும் அங்கனதான்" என்றார் என் கணவர், கேள்வி முடியும் முன்பே.

மகள் மூன்று வருஷம் கும்பகோணத்தில் என் அக்கா வீட்டில் தங்கிப் படித்தவள். யானைக்காலுக்குப் பேர்போன ஊர். அதைச் சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்பார்கள். அதனால் தரகரிடம் உள்ளூர்க் கல்லூரி என்றே சொல்லியிருந்தோம். மாப்பிள்ளை ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு மாதிரிச் சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. எனக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா எங்களைப் பார்க்காமல் பேசினார். "புழு எதுவும் தென்படல. செல்லு சரியில்லாத மாதிரி இருக்கு. மதுரையில கட்டிய முழுசா எடுத்துருவோம். பாத்தபொறவு தேவப்பட்டா, மார்பையும் எடுக்கவேண்டி வரலாம்."

என் கணவர் காதோடு சொன்னார்: "ஆராய்ச்சிக்குச் சத வேணும். அதான் வெட்டச் சொல்லுதா."

நானும் அப்படியே நம்பினேன். மகளின் கையைப் பிடித்து எழுப்பினேன். அவள் எழவில்லை.

"எம்மா, உங்க மாப்பிள்ளைக்குக் கால் முக்கியமா, மார் முக்கியமா?"

"ஏட்டி, வாய மூடு."

"மூடித்தான இம்புட்டு நாள் இருந்தேன்." டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "கும்பகோணத்துல மூணு வருஷம் இருந்தேன். பெரியம்மா வீட்டுக்குப் பின்னாடியே சாக்கடை. கொசுவல கிடையாது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நாலஞ்சு கண்ணாடி பாத்து, ஊரும் ஒத்துவரலன்னு நிறுத்திட்டேனே" என்றார். திட்டியிருந்தால் தேவலை. மீதிக் கண்ணாடிகளுக்குச் சாயம் போட்டு, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, "அம்மா, வாங்க" என்று கூப்பிட்டார்.

குனிந்து பார்த்தேன். ஊதா நிறத்தில் வளைந்து கிடந்தது ஒரு நூல்.

"அசையலியே?"

"சாயம் போட்டா செத்துரும்மா."

"இது வேற யாரோட கண்ணாடியாவோ இருந்தா?"

அவர் அதை எடுத்து, ஓரத்தில் கீறியிருந்த என் மகள் பெயரைக் காட்டினார். கோபப்படவில்லை. மாத்திரை தருவதாகவும், கட்டி கரையாவிட்டால் வெட்டித்தான் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார்.

கரைந்தது. போன மாதம் டாக்டரம்மாவும் அழுத்திப் பார்த்துவிட்டு இனி வரவேண்டாம் என்றுவிட்டார். பாத்திரக்கடை வீட்டுக்கு என்ன சொல்வது என்று நாங்கள் இன்னும் பேசவில்லை. எனக்கு அந்த நினைப்பே இல்லை. காலையில் அவள் குளிக்கப் போகும்போது நானும் பின்னாலேயே போய்த் தொட்டுப் பார்க்கிறேன்.

"எம்மா, கைய எடு, கூசுது. ஒண்ணும் இல்ல."

தாழ்ப்பாள் விழுகிறது. வெளியே நிற்கிறேன். ஒன்றும் இல்லை என்கிறாள். கட்டி இருந்தாலும் இல்லை என்று சொல்லத் தெரிந்தவள்தான். எங்கள் வீட்டில் வளர்ந்தவள்.