பெரியம்மா வரைந்த பாம்பு

எங்கள் பெரியம்மா தையல்காரி. சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று யாராவது வந்து நின்றால், "சட்டை சரியாத்தான் இருக்கு, நீதான் ஒரு சுத்து கூடிட்டே" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். பெரியப்பா போன பிறகு முன்னறையில் மெஷின், பின்னறையில் கட்டில் என்று தனிக்காட்டு ராஜா. அவள் மகன், எனக்கு அண்ணன், தன் வீட்டுக்குக் கூப்பிடாத நாளில்லை. "அங்க நான் விருந்தாளி, இங்க நான் முதலாளி" என்பாள்.

அந்த முதலாளிக்கு ஒருநாள் கூட்டாளி வந்து சேர்ந்தது. முன்னறையில் வெட்டுத்துணி மூட்டைக்கு அடியில் ஒரு பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளைப் பட்டைகள், தலை மட்டும் மூட்டைக்குள். அண்ணன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"விஷப் பாம்புன்னா மூட்டை முடிச்சோட என்கூட வந்துடணும்மா."

"இல்லேன்னா இனிமே அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சம்மதமா?"

வீம்புக்குச் சொல்லிவிட்டாளே தவிர, கையில் இருந்த கத்தரிக்கோலையே எங்கே என்று தேடினாள். நான் பார்த்தேன்.

போட்டோ எடுத்தால் இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா சட்டைக்கு அளவு வரையும் வெட்டுக் காகிதத்தை விரித்து, தள்ளி நின்றபடியே பாம்பை உள்ள அளவில் வரைந்துவிட்டாள். கண்ணளவில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தில் ஸ்கேலை வைத்து அந்தப் படத்தைப் போட்டோ எடுத்துப் பாம்பு பிடிப்பவருக்கு அனுப்பினோம்.

உடனே போன் வந்தது. "கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதல் ஆள் கடிச்சா உயிருக்கே ஆபத்து. ரெண்டாவது ஆள் பல்லி தின்னுற சாது. தலை தெரிஞ்சா சொல்லிடலாம். ஆனா வரையன் இவ்வளவு தடியா இருக்காது. நான் வர்ற வரைக்கும் அந்த அறைக்குள்ள போகாதீங்க."

அண்ணன் பின்னறைப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினான். பெரியம்மா ஒவ்வொன்றாகத் துணிகளை மடித்தாள்.

"மெஷினுக்கு அங்க இடம் இருக்காடா?"

"பால்கனியில போட்டுக்கலாம்மா."

பால்கனியாம்! அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது எனக்கு.

மத்தியானம் பாம்பு பிடிப்பவர் வந்தார். கம்பியால் மூட்டையை நகர்த்திப் பிடித்தால், சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

"அட, வரையன்தான்! பட்டை கழுத்துலயே ஆரம்பிச்சு வால் பக்கம் மங்குது பாருங்க. கட்டுவிரியனுக்கு நேர்மாறு. அது சரி, படத்துல இருக்கற குண்டன் எங்கே?"

அவ்வளவுதான், நானும் அண்ணனும் பின்னறைக்கு ஓடிக் கட்டில் மேல் ஏறிவிட்டோம். பெரியம்மா காகிதத்தை உற்றுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடச்சே! ரெண்டு பக்கமும் தையலுக்குத் துணி விட்டு வரைஞ்சிருக்கேன்!"

பாம்பு பிடிப்பவர் சிரித்த சிரிப்பில் பாம்பைக் கோட்டை விட்டிருப்பார். அண்ணனும் சிரித்தான். பிறகு பெட்டியை மேலே ஏற்றும்போது அவன் முகம் வாடிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது.

பெரியம்மா அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "உள்ள துணி விட்டுத் தைக்கிறது எதுக்குடா? பின்னால வேணும்னா பிரிச்சுக்கத்தானே. இப்போதைக்கு இந்த வீடு எனக்கு அளவா இருக்கு. பத்தாம போனா நானே வர்றேன். மெஷினுக்கு ஜன்னல் பக்கமா ஒரு இடம் பார்த்து வை. பால்கனின்னு சொன்னே, பாம்போடதான் வருவேன்."