சிவப்பு இறால்

ஓர் இறாலின் நிறத்தைப் பற்றி நான் பொய் சொன்னேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே, முகம் பார்த்தே சொன்னேன்.

சிரிக்காதீர்கள். இறாலின் நிறம் மாறினால் என்ன குடிமுழுகிவிடும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருத்திக்கு முழுகியது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வெளியே போக வேண்டும். போக வழியில்லாதவர்கள் கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும். புஷ்பமும் நானும் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு, வகுப்பில் உட்கார ஒரே வாங்கு.

சித்திரம் படிப்பித்த டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர்தான் அந்தப் போட்டியை வைத்தார். உயிரெழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு கொப்பி நிறைய. இகரத்துக்கு இலை வரையக்கூடாது. இலையைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறீர்களே, இறால் வரையுங்கள் என்றார். வெளியிலிருந்து ஒருவர் வந்து கொப்பிகளைப் பார்ப்பார். முதலாவதாக வருபவருக்கு ஹட்டனில் விடுதியோடு ஒரு பாடசாலையில் இடம். ஒரே ஓர் இடம்!

எங்களில் எவரும் கடலைக் கண்டதில்லை. எங்களுக்குத் தெரிந்த இறால், கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் காய்ந்த கூனிதான். புஷ்பம் என்ன செய்தாள் தெரியுமா? அதில் பெரிதாக ஒன்றைப் பொறுக்கிச் சிரட்டைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். அது உப்பி நிமிர்ந்ததும் கால்களை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தாள். அந்த மீசையை அவள் ஒரே இழுப்பில் இழுத்தபோது என் வயிறு பற்றி எரிந்தது. என்னுடையது வளைந்த மிளகாய்போல இருந்தது.

"ஊறினப்புறமும் செவப்பாத்தான் இருக்கு. உசுரோட இருக்கறப்ப என்ன கலருன்னு டீச்சருகிட்ட கேட்டுச் சொல்லு புள்ள. அவங்க பேசறது எனக்குப் பாதி வெளங்காது" என்றாள்.

கேட்டேன். கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு டீச்சரின் விடுதிக்குப் போனபோது கேட்டேன்.

"உயிரோட இருக்கேக்க இறால் சிவப்பில்லைப் பிள்ளை. சாம்பல் பூத்த கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் தெரியும். சூடு பட்டாத்தான் சிவக்கும். புஷ்பத்துக்கும் போய்ச் சொல்லும், என்ன?"

லயத்துக்குத் திரும்பும் குறுக்குப் பாதை கால்மணி நேரம். அவ்வளவு நேரமும் சொல்லிவிடத்தான் நினைத்தேன்... நம்புவீர்களா? வாசலில் அவள் தூரிகையோடு காத்திருந்தாள்.

"கேட்டியா?"

"கேட்டேன். செவப்புதானாம்."

போதாததற்கு என் வர்ணப் பெட்டியிலிருந்த சிவப்பு வில்லையையும் எடுத்துக் கொடுத்தேன். எவ்வளவு தாராளம், பாருங்கள்! அவளுடையது தீர்ந்திருந்தது. வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

அதன்பின் கொப்பி பார்க்கும் நாள்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. டீச்சர் அவளோடு பேசினால் பயம், பேசாவிட்டாலும் பயம். ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிடுவேன் என்று எழும்பினேன்... எழும்பியதோடு சரி!

வந்தவர் புஷ்பத்தின் கொப்பியைத்தான் முதலில் எடுத்தார். இறால் வரும்வரை புன்னகையோடு புரட்டினார். அங்கே நின்றார். "நல்ல கை. ஆனா இது சட்டியில வெந்த இறால், அதைக் கடலுக்குள்ள நீந்தவிட்டிருக்கிறா" என்று சிரித்தார். வகுப்பும் சிரித்தது. நானும் சிரித்தேனா? ஆம், சிரித்தேன்! என் வளைந்த மிளகாய் சாம்பல் நிறத்தில் இருந்தது. அது வென்றது.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நான் சொல்லச் சொன்னனான் எல்லே? சொல்லேல்லையோ?"

"சொன்னேன் டீச்சர். அவதான் கேக்கல."

டீச்சர் பெருமூச்சு விட்டார். என்னை நம்பினார். பிறகு அவளைத் தூக்கிவிட அவர் மெனக்கெடவே இல்லை.

நான் ஹட்டனுக்குப் போனேன். புஷ்பத்தைக் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள்.

பத்து வருடம் கழித்து, தீபாவளிக்கு முந்திய நாள் தலவாக்கலை பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். நான் அப்போது சித்திர ஆசிரியை... வேறென்ன! ஓடி வந்து கையைப் பிடித்தாள். விரல்நுனியெல்லாம் வெடித்துக் கிடந்தன.

"அன்னைக்கு வந்தவங்க சொன்னது நெசந்தான், பச்ச எறாலு செவப்பே இல்ல புள்ள! கொழும்பு போன மொத வாரமே சுத்தம் பண்ணச் சொல்லி ஒரு சட்டி நெறயக் குடுத்தாங்க. பாத்ததும் ஒன்னையத்தான் நெனச்சேன். அப்புடியே கண்ணாடி! நீ அன்னைக்கு அடிச்ச கலரு! ஒனக்கு எப்புடித் தோணுச்சு?"

அவளே பதிலையும் எடுத்துக் கொடுத்தாள்.

"பாவம், டீச்சருக்கும் தெரியல போல. தெரிஞ்சிருந்தா ஒங்கிட்ட செவப்புன்னு சொல்லியிருப்பாங்களா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவள் முகம் என் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பஸ் வரவில்லை. பண்டிகைக் கூட்டம் எங்களைக் கவனிக்கவில்லை. என்னைத் தடுக்க ஒருவரும் இல்லை.

"ஆமா..." என்றேன். "அவங்களுக்கும் தெரியல போல."